திருச்சி விமான நிலையத்திலிருந்து மதுரை விமான நிலையத்துக்கு: தூரம், நேரம், கணக்குப் போடும் முறை

திருச்சி விமான நிலையத்துக்கும் மதுரை விமான நிலையத்துக்கும் எவ்வளவு தூரம் என்று இணையத்தில் தேடினால் ஒன்றுக்கொன்று ஒட்டாத எண்கள் வரும். ஓரிடத்தில் 124 கி.மீ., இன்னோரிடத்தில் 140-க்கு மேல், விமான டிக்கெட் தளத்தில் 700-ஐத் தாண்டியிருக்கும். மூன்றும் சரிதான். முதலாவது வானில் நேர்கோடு, இரண்டாவது சாலை, மூன்றாவது சென்னை வழியாகப் பறக்கும் தூரம். எந்த எண்ணை எதற்குப் பயன்படுத்துவது என்று தெரியாமல் அடுத்த விமானத்துக்கு டிக்கெட் போடுவதில்தான் சிக்கல் வருகிறது. சிங்கப்பூரிலிருந்தோ கோலாலம்பூரிலிருந்தோ திருச்சியில் இறங்கி, மதுரையில் வேறு விமானம் பிடிப்பவருக்கு வேண்டியது கி.மீ. கணக்கு அல்ல. சக்கரம் தரையைத் தொட்டதிலிருந்து அடுத்த கவுண்டரில் பையை வைக்கும் வரை எத்தனை மணி நேரம் என்பதுதான்.

இங்கே திருச்சி–மதுரையை உதாரணமாக வைத்துக் கணக்கு முழுவதையும் போட்டுக் காட்டுகிறோம். எந்த இரண்டு விமான நிலையங்களுக்கும் இதே முறை செல்லும்.

நேர்தூரம்: கால்குலேட்டர் போதும்

இரண்டு நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகையை எடுத்துக்கொள்ளுங்கள். திருச்சி: வடக்கு 10.765, கிழக்கு 78.71. மதுரை: வடக்கு 9.834, கிழக்கு 78.09. இரண்டும் டிகிரியில், தசம வடிவில்.

அட்சரேகை வித்தியாசம் 0.931. ஒரு டிகிரி அட்சரேகை சுமாராக 111.2 கி.மீ. ஆகவே வடக்கு–தெற்காக 103.5 கி.மீ.

தீர்க்கரேகை வித்தியாசம் 0.62. இதை அப்படியே 111.2-ஆல் பெருக்கக் கூடாது. தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கி நெருங்கிக்கொண்டே போவதால், நடு அட்சரேகையின் கோசைனால் ஒருமுறை பெருக்க வேண்டும். 10.3 டிகிரியின் கோசைன் 0.984. ஆகவே 0.62 × 0.984 × 111.2 = சுமார் 67.8 கி.மீ. கிழக்கு–மேற்காக.

இனிப் பள்ளியில் படித்த பிதாகரஸ். 103.5-இன் வர்க்கத்தையும் 67.8-இன் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் சுமார் 124 கி.மீ. விமானத்துறையில் கடல் மைலில்தான் பேசுவார்கள். 1.852-ஆல் வகுத்தால் 67 கடல் மைல்.

சில நூறு கி.மீ. வரை இந்த எளிய முறையே போதும். தமிழ்நாடு பூமத்தியரேகைக்கு அருகில் இருப்பதால் கோசைன் ஒன்றுக்குப் பக்கத்திலேயே நிற்கிறது, பிழையும் சிறியது. ஆயிரக்கணக்கான கி.மீ. தூரத்துக்குக் கோள வடிவக் கணிதம் வேண்டும், அதற்கு இணையக் கருவிகளை நம்பலாம். கணக்கே வேண்டாம் என்பவர்கள் கணினியில் கூகுள் வரைபடத்தைத் திறந்து, விமான நிலையத்தின் மேல் வலது கிளிக் செய்து, தூரத்தை அளக்கும் வசதியைத் தேர்ந்தெடுத்து, மற்ற நிலையத்தைக் கிளிக் செய்தால் ஆயிற்று.

இதில் அடிக்கடி நடக்கும் பிழை ஒன்று. ஆவணங்களில் ஆயத்தொலைவு டிகிரி, நிமிடம், நொடியாக இருக்கும். திருச்சியின் அட்சரேகை 10 டிகிரி 45 நிமிடம் 55 நொடி. அதை 10.4555 என்று தட்டினால் திருச்சி விமான நிலையம் ஏறத்தாழ 34 கி.மீ. தெற்கே நகர்ந்துவிடும். நிமிடத்தை 60-ஆலும் நொடியை 3600-ஆலும் வகுத்துக் கூட்ட வேண்டும். அப்போதுதான் 10.765 வரும். இன்னொன்று, தேடும்போது ஊர்ப் பெயரை மட்டும் போட்டால் சில தளங்கள் ஊர் நடுவிலிருந்து அளக்கும். விமான நிலையக் குறியீட்டைப் போடுங்கள். திருச்சிக்கு டி.ஆர்.இசட்., மதுரைக்கு ஐ.எக்ஸ்.எம்.

பறக்கும் நேரம்: ஒன்பது நிமிடம் என்று வந்தால் நம்பாதீர்கள்

124 கி.மீ.-ஐ மணிக்கு 830 கி.மீ. வேகத்தால் வகுத்தால் ஒன்பது நிமிடம் வருகிறது. தூரம் காட்டும் தளங்கள் பல இப்படித்தான் கணக்குப் போடுகின்றன, சில மேலே அரை மணி நேரம் சேர்த்துக்கொள்கின்றன. குறுகிய தூரத்தில் இது ஏன் பொய்த்துப்போகிறது என்று பார்ப்போம்.

விமானம் இறங்கும்போது 1,000 அடி உயரத்தைக் குறைக்க ஏறத்தாழ மூன்று கடல் மைல் எடுத்துக்கொள்ளும். 10,000 அடியிலிருந்து இறங்கவே 30 கடல் மைல் போய்விடும். ஏறுவதற்கு இன்னொரு 20, 25. மொத்தம் இருப்பதே 67. சமமாகப் பறக்க மிஞ்சுவது பன்னிரண்டு முதல் பதினேழு கடல் மைல்தான். தவிர 10,000 அடிக்குக் கீழே பொதுவாக 250 நாட் என்ற வேகக் கட்டுப்பாடு உண்டு, அதாவது மணிக்கு 463 கி.மீ. ஜெட் விமானமாகவே இருந்தாலும் அதன் வேகத்தைக் காட்ட இடமே கிடைக்காது. 100, 200 கி.மீ. தூரத்துக்கு ஏ.டி.ஆர். என்ற காற்றாடி விமானமும் ஏர்பஸ்ஸும் ஏறக்குறைய ஒரே நேரம்தான் எடுக்கும் என்பதற்கு இதுவே காரணம்.

அட்டவணையில் போடும் நேரம் பறக்கும் நேரம் மட்டும் அல்ல. வாசலிலிருந்து நகரத் தொடங்கியது முதல் மறு வாசலில் நிற்கும் வரை உள்ள மொத்த நேரம் அது. ஓடுதளத்துக்கு ஊர்ந்து போவது, முறைக்குக் காத்திருப்பது, இறங்கும் திசைக்குச் சுற்றி வருவது எல்லாம் அதில் அடக்கம். எனவே இந்த வாய்ப்பாட்டை வைத்துக்கொள்ளுங்கள்:

ஏ.டி.ஆர். என்றால், தூரத்தை 510-ஆல் வகுத்து மணியாக்கி, 30 நிமிடம் கூட்டுங்கள்.
ஏர்பஸ் ஏ320, போயிங் 737 என்றால், 830-ஆல் வகுத்து, 40 நிமிடம் கூட்டுங்கள்.

சரிபார்த்துக்கொள்ளலாம். சென்னை–மதுரை நேர்தூரம் சுமார் 417 கி.மீ. ஏ.டி.ஆர். கணக்கில் 79 நிமிடம், ஜெட் கணக்கில் 70 நிமிடம். அட்டவணையில் இதைவிட ஐந்து பத்து நிமிடம் கூடுதலாகத்தான் இருக்கும். தாமதமானாலும் 'நேரத்துக்கு வந்தது' என்று சொல்லிக்கொள்ள நிறுவனங்கள் கொஞ்சம் தாராளமாகப் போட்டுக்கொள்வது வழக்கம். திருச்சி–பலாலி, அதாவது யாழ்ப்பாணம் விமான நிலையம், சுமார் 184 கி.மீ. ஏ.டி.ஆர். கணக்கில் 52 நிமிடம். நடைமுறையில் ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இப்போது ஒரே கடிகாரம் என்பதால் புறப்படும் நேரத்தோடு ஒரு மணியைக் கூட்டினாலே வந்துசேரும் நேரம் கிடைத்துவிடும். சிங்கப்பூர் கணக்கில் அப்படிச் செய்ய முடியாது. அங்கே கடிகாரம் இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது.

காற்றின் திசையும் சில நிமிடங்களைக் கூட்டிக் குறைக்கும். மதுரையின் ஓடுதளம் கிழக்கு–மேற்காக இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரை விமானம் பெரும்பாலும் மேற்குப் பார்த்து இறங்கும், அதாவது கிழக்கிலிருந்து வரும். சென்னையிலிருந்து வரும் விமானத்துக்கு அது வசதி. வடகிழக்குப் பருவத்தில் கிழக்குப் பார்த்து இறங்க வேண்டியிருந்தால் மேற்கே போய்த் திரும்பி வர வேண்டும். அப்போது கடைசி நேரத்தில் நாலைந்து நிமிடம் கூடும்.

சென்னை வழியாகப் பறப்பது

திருச்சியிலிருந்து மதுரைக்கு நேரடிப் பயணிகள் விமானம் கிடையாது. 124 கி.மீ. தூரத்துக்கு விமானம் விட்டால் எரிபொருளின் பெரும்பகுதி ஏறி இறங்குவதற்கே போய்விடும். அருகில் நான்குவழிச் சாலையும் ரயிலும் இருக்க, டிக்கெட்டுக்கு ஆளும் கிடைக்காது. ஆனாலும் டிக்கெட் தளங்கள் சென்னை வழியாக ஒரு பயணத்தைக் கட்டிக் காட்டும். திருச்சி–சென்னை 294 கி.மீ., சென்னை–மதுரை 417 கி.மீ., மொத்தம் 711 கி.மீ. முதல் விமானம் சுமார் 1 மணி 5 நிமிடம், சென்னையில் குறைந்தது ஒன்றரை மணி நேரம், அடுத்தது 1 மணி 20 நிமிடம். கிட்டத்தட்ட நான்கு மணி நேரம். திருச்சியில் ஏறுவதற்கு முன் இருக்க வேண்டிய நேரத்தையும் சேர்த்தால் ஐந்தரை.

சாலையில் இரண்டரை மணி. இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. வெளிநாட்டிலிருந்து வருபவர் ஒரே டிக்கெட்டில் சென்னை வழியாக மதுரைக்கே முன்பதிவு செய்திருந்தால் அது வேறு விஷயம், அங்கே திருச்சிக்கு வேலையே இல்லை.

சாலை: 142 கி.மீ., மூன்று துண்டு

மொத்தத் தூரத்தைச் சராசரி வேகத்தால் வகுப்பது தவறான முறை. சாலையை மூன்றாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் தனியாக நேரம் போடுங்கள்.

முதல் துண்டு, திருச்சி விமான நிலையத்திலிருந்து பஞ்சப்பூர் வரை. விமான நிலையம் இருப்பது புதுக்கோட்டை சாலையில், மதுரைக்குப் போவதோ வேறு சாலை. சுப்பிரமணியபுரம், டி.வி.எஸ். டோல்கேட், மன்னார்புரம், எடமலைப்பட்டி புதூர் வழியாகப் பஞ்சப்பூர் போய்ச் சேர்வதற்குச் சுமார் 12 கி.மீ. தூரம் கொஞ்சம்தான், ஆனால் 25 முதல் 35 நிமிடம் ஆகும். காலை 8 முதல் 10 வரையும் மாலை 5 முதல் 8 வரையும் இன்னும் கூடும். நகருக்குள் நுழைய விரும்பாதவர்கள் புதுக்கோட்டை சாலையிலேயே மாத்தூர் வரை போய், அங்கிருந்து அரைவட்டச் சாலையில் பஞ்சப்பூருக்கு வரலாம். தூரம் கூடும், சிக்னல் குறையும். நெரிசல் நேரத்தில் மட்டும் இது லாபம்.

இரண்டாவது துண்டுதான் நீளமானதும் சுலபமானதும். தேசிய நெடுஞ்சாலை 38, நான்கு வழி. விராலிமலை, துவரங்குறிச்சி, கொட்டாம்பட்டி, மேலூர் எனச் சுமார் 112 கி.மீ. காரில் சராசரி 80 கி.மீ. வேகம் தாராளமாகக் கிடைக்கும், ஒரு மணி 25 நிமிடம். சுங்கச்சாவடி இரண்டு: விராலிமலையைத் தாண்டியதும் பூதக்குடி, மேலூருக்கு அப்பால் சிட்டம்பட்டி. சுங்கக் கட்டணத்தைத் தானாகக் கழிக்கும் பாஸ்டேக்கில் பணம் இருக்கிறதா என்று ஓட்டுநரிடம் வண்டி எடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள். பணம் தீர்ந்த பாஸ்டேக்கோடு போனால் கூடுதலாகக் கட்ட வேண்டியிருக்கும். அதைவிட, சாவடியில் பின்னால் நிற்பவர்களின் ஹாரனுக்கு நடுவே ரீசார்ஜ் செய்து அது ஏறும்வரை காத்திருப்பதில் கால் மணி நேரம் காணாமல் போகும்.

சாப்பாட்டுக்கு நிறுத்துவதானால் இந்தத் துண்டிலேயே நிறுத்திவிடுங்கள். ஒத்தக்கடையைத் தாண்டிவிட்டால் நிறுத்தி ஏற வாகான இடம் குறைவு.

மூன்றாவது துண்டில்தான் பலரும் நேரத்தைத் தொலைக்கிறார்கள். ஒத்தக்கடை தாண்டி உத்தங்குடிக்கு வந்ததும் நேரே மாட்டுத்தாவணிக்குள் போகக் கூடாது. அங்கிருந்து பிரியும் ரிங் ரோட்டைப் பிடித்து, பாண்டி கோவில், விரகனூர், சிந்தாமணி வழியாக மண்டேலா நகர் சந்திப்புக்கு வர வேண்டும். அங்கிருந்து விமான நிலையம் மிக அருகில். எல்லாம் சேர்த்துச் சுமார் 18 கி.மீ., 25 முதல் 30 நிமிடம். நகருக்குள் புகுந்து கோரிப்பாளையம், பெரியார், வில்லாபுரம், அவனியாபுரம் என்று போனால் வரைபடத்தில் தூரம் அதிகம் மாறாது, மாலையில் ஒரு மணி நேரம் ஆகும். வரைபடச் செயலி சில சமயம் இரண்டு நிமிட லாபத்துக்காக நகர வழியைக் காட்டும். ரிங் ரோட்டில் வரச் சொல்லி ஓட்டுநரிடம் முன்பே பேசிவிடுவது நல்லது.

ஆக, மொத்தம் சுமார் 142 கி.மீ. விடிகாலையில் இரண்டு மணி நேரம், பகலில் இரண்டு மணி இருபது நிமிடம், மாலையில் இரண்டே முக்கால். திட்டமிடும்போது இரண்டரை என்று வையுங்கள்.

செயலியில் நேரம் பார்க்கும்போது 'இப்போது' என்பதை மாற்றி, நீங்கள் கிளம்பப்போகும் கிழமையையும் மணியையும் போடுங்கள். இரவு பதினொன்றுக்கு வீட்டில் உட்கார்ந்து பார்த்த நேரத்தை நம்பி, மறுநாள் மாலை ஆறு மணிக்குக் கிளம்பினால் கணக்கு உதைக்கும். சேருமிடத்தில் 'மதுரை' என்று மட்டும் போட்டால் ஊர் நடுவில் ஒரு புள்ளியை எடுத்துக்கொள்ளும். 'மதுரை விமான நிலையம்' என்று முழுதாகப் போட வேண்டும்.

சில நாட்களில் எந்தக் கணக்கும் செல்லாது. தை முதல் நாள் அவனியாபுரத்தில் ஜல்லிக்கட்டு. மதுரை நகரிலிருந்து விமான நிலையம் போகும் சாலை அந்த ஊர் வழியாகத்தான் போகிறது. அன்று ரிங் ரோட்டை விட்டு விலகவே கூடாது. சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் நாளும் அதற்கு முந்தைய இரவும் மாட்டுத்தாவணி, புதூர், தல்லாகுளம், கோரிப்பாளையம் பக்கம் எதிர்சேவைக் கூட்டமாக இருக்கும். பொங்கல், தீபாவளிக்கு முந்தைய நாட்களில் சென்னையிலிருந்து தெற்கே போகும் வண்டிகள் அத்தனையும் இந்த நெடுஞ்சாலையில்தான் இறங்கும். சுங்கச்சாவடிகளுக்கென்றே ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள்.

வாடகைக் கார் பேசும்போது ஒருவழிப் பயணமா, இருவழியா என்பதைத் தெளிவாகக் கேளுங்கள். ஒருவழி டாக்சி நடத்துபவர்களில் பலர் குறைந்தபட்சம் 130 கி.மீ. என்று கணக்கு வைத்திருப்பார்கள். இந்தப் பயணம் அதைத் தாண்டுவதால் உண்மையான கி.மீ.-க்கே பணம். சுங்கமும் ஓட்டுநர் பேட்டாவும் அதில் சேர்ந்ததா என்பது தனிக் கேள்வி.

பஸ், ரயில்

பஸ்ஸில் போவதானால் விமான நிலையத்திலிருந்து பஞ்சப்பூர் பேருந்து முனையத்துக்குப் போங்கள். 2025-இல் வெளியூர்ப் பேருந்துகள் அங்கே மாறிவிட்டன. பழைய நினைப்பில் மத்தியப் பேருந்து நிலையத்துக்குப் போனால் திரும்ப வேண்டியிருக்கும். மதுரைக்கு இரவு பகலாக வண்டி உண்டு. இடைநில்லாப் பேருந்தாகப் பார்த்து ஏறுங்கள். விராலிமலை, துவரங்குறிச்சி, மேலூர் என்று ஊருக்கு ஊர் நின்று போகும் வண்டி அரை மணி முதல் முக்கால் மணி வரை கூடுதலாக எடுக்கும். மாட்டுத்தாவணியில் இறங்கி, அங்கிருந்து ஆட்டோவோ டாக்சியோ பிடித்து ரிங் ரோட்டில் போகலாம். முழுப் பயணமும் நான்கு மணி நேரம் என்று வையுங்கள்.

ரயில் பாதை மணப்பாறை, திண்டுக்கல், கொடைக்கானல் ரோடு, சோழவந்தான் என்று மேற்கே வளைந்து போகிறது, ஏறத்தாழ 157 கி.மீ. வந்தே பாரத், தேஜஸ் போன்றவை இரண்டு மணி நேரத்தை ஒட்டி, மற்ற விரைவு ரயில்கள் இரண்டேகால் முதல் இரண்டே முக்கால் மணி. ஓடும் நேரம் காருக்குச் சமம்தான். ஆனால் விமான நிலையத்திலிருந்து திருச்சி ஜங்ஷன், மதுரை ஜங்ஷனிலிருந்து விமான நிலையம் என்று இரண்டு பக்கமும் ஆட்டோ பிடிக்க வேண்டும், இரண்டு பெரிய பெட்டிகளோடு. விமானம் தாமதமானால் முன்பதிவு வீண். கைப்பை மட்டும் வைத்திருப்பவர், அடுத்த விமானம் பிடிக்கும் அவசரமில்லாதவர் என்றால் ரயில்தான் சுகம்.

இரண்டு தனி டிக்கெட்டுக்கு நடுவே எத்தனை மணி நேரம்?

வெளிநாட்டிலிருந்து திருச்சிக்கு ஒரு டிக்கெட், மதுரையிலிருந்து உள்நாட்டு விமானத்துக்கு இன்னொரு டிக்கெட் என்று வைத்துக்கொள்வோம். முதல் விமானம் தாமதமானதால் இரண்டாவதைத் தவறவிட்டால் இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது. எனவே நடுவில் விடும் நேரத்தை நீங்களே கணக்கிட்டுக்கொள்ள வேண்டும்.

1. தரை தொட்டது முதல் வெளியே வரும் வரை 90 நிமிடம். திருச்சியில் 2024 ஜூனில் செயல்பாட்டுக்கு வந்த புதிய முனையத்தில் இடவசதி தாராளம். ஆனாலும் இரண்டு மூன்று விமானங்கள் அடுத்தடுத்து இறங்கினால் குடியுரிமை வரிசையும் பெட்டி வரும் பெல்ட்டும் நெரியும்.
2. சாலை, 150 நிமிடம்.
3. வழியில் காபி, கழிப்பறை, 20 நிமிடம்.
4. உள்நாட்டு விமானத்துக்குப் பெட்டி போடும் கவுண்டர் பொதுவாகப் புறப்பாட்டுக்கு 60 நிமிடம் முன்பே மூடிவிடும். ஆகவே 60 நிமிடம்.
5. வாசலில் அடையாளச் சோதனை, கவுண்டர் வரிசை, 30 நிமிடம்.

கூட்டினால் ஐந்து மணி ஐம்பது நிமிடம். இது எல்லாம் ஒழுங்காக நடந்தால் ஆகும் நேரம், முதல் விமானத்தின் தாமதத்துக்கு இதில் ஒரு நிமிடம்கூட இல்லை. அதற்கு இரண்டு மணி நேரமாவது விட்டு, எட்டு மணி நேர இடைவெளி இருக்கும்படி டிக்கெட் போடுங்கள். திருச்சியில் நள்ளிரவில் இறங்குபவர் மதுரையில் காலை ஒன்பது மணிக்குமேல் கிளம்பும் விமானத்தைப் பார்க்கலாம். இரவில் சாலை காலியாக இருப்பதால் நேரம் மிஞ்சவே செய்யும், ஆனால் தூக்கக் கலக்கத்தில் ஓட்டும் ஓட்டுநரை விரட்டக் கூடாது.

எதிர்த்திசையில், மதுரையில் இறங்கித் திருச்சியில் வெளிநாட்டு விமானம் பிடிப்பதானால் கணக்கு கொஞ்சம் மாறும். உள்நாட்டு விமானத்திலிருந்து வெளியே வர 40 நிமிடம் போதும். ஆனால் திருச்சியில் புறப்பாட்டுக்கு மூன்று மணி நேரம் முன்பே இருக்க வேண்டும். சாலை இரண்டரை, இடையில் நிறுத்தம் 20 நிமிடம் சேர்த்தால் ஆறரை மணி நேரம். தாமதத்துக்கும் சேர்த்து எட்டரை. பஞ்சப்பூரிலிருந்து விமான நிலையம் வரையிலான கடைசி 12 கி.மீ. மாலை நெரிசலில் மாட்டினால் அந்த ஒரு துண்டே முக்கால் மணி எடுக்கும். கவுண்டர் மூட ஒரு மணிக்கும் குறைவாக இருக்கும்போது பஞ்சப்பூருக்கு வந்திருந்தால் நகருக்குள் போகாமல் அரைவட்டச் சாலையில் மாத்தூர் போய், புதுக்கோட்டை சாலையில் திரும்பி விமான நிலையத்துக்கு வாருங்கள்.